சுற்றுலாப் பயணி ராவெலு

அன்ட்சிராபே,
அக்டோபர் 4, 1998

அன்பு மகள் மியாலிக்கு,

ஆண்டவரும் நம் முன்னோரும் காத்து நிற்க, நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். என் முழங்கால் மட்டும் என்னைவிட்டுத் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. அதை விட்டுத் தள்ளு. கடலோர ஈரத்தில் உனக்கு இருமல் இல்லாமல் இருக்கிறதா, உன் பிரசவ விடுதியின் கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று எழுது.

உன் கடிதம் லாரிக்காரர் கையால் வந்து சேர்ந்தது. உன் அம்மா படித்தாள். பிறகு நான் படித்தேன். பிறகு அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது என்பது அவள் எண்ணம்.

உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாள் பார்ப்பவர் விரல்விட்டு எண்ணி, கண்ணை மூடி, ஒரு கோழியையும் வாங்கிக்கொண்டு, ஜனவரி பதினாறு என்று சொன்னார். அன்றைக்குக் குளோவிஸும் அவன் வீட்டாரும் இங்கே வந்து ஆட்டுப் பின்சப்பையை என் கையில் கொடுக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் கைக்கு அது வந்து சேரும்வரை கல்யாணம் என்பது வெறும் பேச்சுதான். இந்தக் காலத்தில் நோட்டை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு இதுதான் ஆடு என்கிறார்கள். எனக்கு உறை வேண்டாம். நாலு காலில் நடந்து வந்து கத்துகிற ஆடு வேண்டும். குளோவிஸ் கடலோரத்துக்காரன், வெனிலா எடை போடுகிறவன், மலைநாட்டு வழக்கம் தெரியாது என்றால் நீ சொல்லிக்கொடு.

அன்றைக்குச் சபையில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டுப் பதில் பேச்சை நானே பேசுவதாக இருக்கிறேன். ரனைவு பெரியப்பா, "நீ பேசுனா ஆடு தானா எந்திரிச்சுத் திரும்பிப் போயிரும்டா" என்கிறார். தினமும் காலையில் நம் கோழிகள் முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறேன். அவை தலையாட்டிக் கேட்கின்றன. உன் அம்மா, அவை தரையைக் கொத்துகின்றன என்கிறாள்.

கடை ஓடுகிறது. கைரிக்‌ஷா இருக்கும்வரை சக்கரம் உடையும், சக்கரம் உடையும்வரை உன் அப்பாவுக்குச் சோறு. எதிர் விடுதியில் இப்போதே வெள்ளைக்காரர் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. இவர்களை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் விளங்கவில்லை. ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பறந்துவரக் காசு இருக்கிறது, மூட்டையைச் சுமக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. மாட்டுக்குத் திமில் இருப்பதுபோல் முதுகில் பையோடு திரிகிறார்கள். போன வருடம் ஒருவன் பட்டை அறுந்த பையைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனவன் போனவன்தான். நல்ல பை. உன் அம்மா அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
ராவெலு

*

அந்தனம்பாவ்,
அக்டோபர் 25, 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். அதற்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ரிக்‌ஷா அச்சுக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு இருமல் இல்லை. கூரை ஒழுகுகிறது. வாளியை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது எனக்கும் தெரியும், வாளிக்கும் தெரியும்.

கிராம்பு பறிப்பு முடியப் போகிறது. ஊர் முழுக்கப் பாய் விரித்துக் காயவைத்திருக்கிறார்கள், நடக்க வழியில்லை. நேற்று ஒருத்தி வலி கண்டு வந்தாள். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். "அப்ப நான் போயி அந்தக் கடைசி மரத்தையும் முடிச்சிட்டு வந்துடறேன் அக்கா" என்று எழுந்துவிட்டாள். பிடித்து உட்காரவைப்பதற்குள் எனக்கு வலி வந்துவிட்டது.

குளோவிஸ் அந்தலாஹாவுக்குப் போயிருக்கிறான். முதலாளி அங்கே புதுக் கிடங்கு கட்டுகிறாராம், அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மாதக் கடைசியில் வந்துவிடுவான். உயிருள்ள ஆடு வேண்டும் என்று நீங்கள் எப்படியும் சொல்வீர்கள் என்று தெரிந்து முன்பே சொல்லி வைத்தேன். "படகுல ஆட்டோட நானும் வாந்தி எடுத்துக்கிட்டு வரணுமா? உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுக்கறாரா, ஆட்டுக்கா?" என்று சிரித்தான்.

அம்மாவின் வெள்ளைப் பட்டுப் போர்வையைத் துவைத்து வைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு அதைத்தான் தோளில் போட்டுக்கொள்வேன்.

முதுகில் பை மாட்டியவர்கள் இங்கேயும் வருகிறார்கள். காட்டு வழியாகத் தீபகற்பத்தை நடந்து கடப்பது அவர்களுக்கு ஒரு ஆசை. கொப்புளத்துக்கு மருந்து கேட்டு என்னிடம் வந்து, மருத்துவர் வந்தால் தங்குவதற்கென்று இருக்கிற அறையில் படுத்துக்கொள்கிறார்கள். மருத்துவர் எங்கே வருகிறார். அவர்களைக் கேலி செய்யாதீர்கள் அப்பா. தண்ணீர் எங்கே, படுக்கை எங்கே, வாழைப்பழம் என்ன விலை என்பதைத் தவிர அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு சுவாசாரா அக்கா மாதிரி, எப்போ கல்யாணம், ஏன் இன்னும் வரலை என்று துளைப்பதில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
மியாலி

*

அன்ட்சிராபே,
நவம்பர் 14, 1998

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். தைலம் வந்தது. முழங்காலுக்குத்தான் போட்டேன், கொஞ்சம் மிச்சத்தை மட்டும் அச்சுக்குப் போட்டேன். இரண்டும் கிரீச்சிடுவதை நிறுத்தவில்லை.

போர்வை துவைத்துக் காய்ந்து மடித்தாகிவிட்டது. உன் அம்மா அதைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தினம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறாள். உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நம் வீட்டில் யார் எங்கே உட்காருவது என்பதில் இப்போதே இரண்டு சண்டை முடிந்துவிட்டது. ரனைவு பெரியப்பா கிழக்கு மூலையை விட்டுத்தர மாட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் நிற்கட்டும் என்கிறார்.

குளோவிஸின் தோள் அளவு வேண்டும். அவனுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்ன உன் அம்மா நூல் வாங்கியிருக்கிறாள். கடலோரத்துப் பிள்ளை, இந்த ஊர் குளிரில் பல்லடித்துக்கொண்டு நின்றால் பேச்சு எப்படி வரும்.

மாதக் கடைசியில் வருவதாகச் சொன்னானே, வந்தானா? ஆடு பற்றி நான் விளையாட்டாகத்தான் எழுதினேன் என்று சொல். வாந்தி எடுக்க வேண்டாம். ஆட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அதை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் பழகிக்கொண்டு வரட்டும்.

உன் அப்பா,
ராவெலு

*

அந்தனம்பாவ்,
நவம்பர் 29, 1998

அப்பாவுக்கு,

அனைவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம்.

மழை ஆரம்பித்துவிட்டது. படகுகளை நிறுத்திவிட்டார்கள். விடுமுறைக்கு என்னால் வர முடியாது. ஜனவரிக்கும் முடியாது. இங்கே வேலை அதிகம், விட்டுவிட்டு வர ஆளில்லை. உறவுக்காரர்களிடம் ஏதாவது சொல்லிவிடுங்கள்.

அம்மா நூலை வீணாக்க வேண்டாம். போர்வை பெட்டியிலேயே இருக்கட்டும்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். நீங்கள் கிளம்பி வந்துவிடாதீர்கள், உங்கள் முழங்காலுக்கு இந்த வழி ஆகாது. உண்மையாகச் சொல்கிறேன், வராதீர்கள்.

மியாலி

*

அன்ட்சிராபே,
டிசம்பர் 9, 1998

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

உன் கடிதம் இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டது. சின்னக் கடிதம், கனம் இல்லை, அதனால் இருக்கும். உன் அம்மா தாளைத் திருப்பி மறுபக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். நாள் பார்ப்பவர் கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டார், ஜனவரி முழுக்க நமக்கு ஆகாது என்று சொன்னேன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "எங்கப்பா காலத்துலேருந்து நாள் பாக்குறோம் ராவெலு. எங்க கணக்கு தப்புன்னு எவன் சொன்னது?" என்றார். நான்தான் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி. தப்புதான். கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லி ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை, நூறடி தள்ளி நிற்கிற கோழியின் எடை சொல்வார்.

இன்னொரு சமாசாரம். நான் இந்த விடுமுறைக்குச் சுற்றுலா போகிறேன். சிரிக்காதே. வருடா வருடம் அவர்கள் எல்லாம் வந்து நம் தீவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், இதிலேயே பிறந்து வளர்ந்த நான் தலைநகருக்கு அந்தப் பக்கம் போனதில்லை. வெங்காயத்தைக் கொட்டிவிட்டுப் பையைத் துவைத்துவிட்டேன். வாசனை மட்டும் போகவில்லை.

வராதீர்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவன், உன்னைப் பார்க்க வரவில்லை. கிழக்குக் கரையோரமாக வடக்கே போய், காட்டு வழியாகத் தீபகற்பத்தை நடந்து கடக்கப் போகிறேன், மற்றப் பயணிகள் மாதிரி. வழியில் உன் ஊர் இருக்கிறதென்றால் அதற்கு நான் என்ன செய்ய. வரைபடம் போட்டது நானில்லை.

சுற்றுலாப் பயணியின் ஒழுங்கு எனக்குத் தெரியும். நீயே எழுதியிருந்தாய். மூன்று கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது.

உன் அப்பா,
ராவெலு

*

அன்ட்சிராபே,
டிசம்பர் 13, 1998

மியாலி கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். உன் அப்பா இன்று விடியலில் புறப்பட்டுவிட்டார். பையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நிமிர்ந்து நடந்தார். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்த பிறகு நொண்டினார். எதிர் விடுதிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தடுத்துப் பார்த்தேன். "ஈசல் மாதிரி மழையில போய் விழணுமா இந்த வயசுல" என்றேன். "எல்லாரும் போறாங்க பகூலி, எனக்கு மட்டும் என்ன வந்தது" என்றார்.

உன் போன கடிதத்தில் ஒரு பெயர் இல்லை. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னையும் கேட்கவில்லை. உனக்கு எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுது.

பின்னத் தொடங்கிய கம்பளியைப் பிரித்துவிட்டேன். நூல் நல்ல நூல், எதற்காவது ஆகும்.

அம்மா

*

மனானரா,
டிசம்பர் 21, 1998

அன்பு மகளுக்கு,

சுகம். முழங்காலும் சுகம், பொய் சொன்னால் வாய் அழுகட்டும். இதை எனக்கு முன்னால் போகிற லாரியில் கொடுத்து அனுப்புகிறேன். நான் ஏறிய லாரி சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுகிறோம். காசு கொடுத்து ஏறி, கையால் தள்ளி, காலால் நடந்து, இதற்குப் பெயர் பயணம்.

எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள். அன்னெகே என்று பெயர், ஹாலந்துப் பெண், பள்ளிக்கூட டீச்சர். உன் வயது இருக்கும். தனியாக வந்திருக்கிறாள். அவளுக்குப் புத்தகப் பிரெஞ்சு, எனக்குக் கடைத்தெருப் பிரெஞ்சு, நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொள்கிறோம். முதல் நாளே ஒழுங்கை மீறிக் கேட்டுவிட்டேன்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா நீ இப்படி ஒத்தையா திரியறது?"

"தெரியும். வேணாம்னுதான் சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் மழைக்கோட்டு வாங்கிக் குடுத்தாரு."

அந்த மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது.

நேற்று ஒரு பெரிய ஆறு. தெப்பக்காரன் எல்லார் மூட்டையையும் பார்த்துக்கொண்டே வந்தான். "பெரியவரே, பன்றி இருக்கா? இந்த ஆத்து மேல பன்றி போகக் கூடாது, எங்க முன்னோர் விலக்கு." மலைநாட்டுக்காரனுக்கு எங்கே தெரிகிறது. உன் அம்மா கட்டிக்கொடுத்த புகைபோட்ட பன்றிக்கறி பைநிறைய இருந்தது. அதை நான் உனக்கென்று கொண்டுவரவில்லை, சுற்றுலாப் பயணி வழியில் கடித்துக்கொள்ளக் கொண்டுவந்தது. கரையில் வைத்து லாரி ஜனம் மொத்தத்துக்கும் பங்கு வைத்தேன். தின்று முடித்தவர்களை எல்லாம் மணலால் கை தேய்த்து, வாய் கொப்பளித்து வரச் சொன்னான். பிறகு என் பையை மோந்து பார்த்தான். வெங்காயம் காப்பாற்றியது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதே.

அப்பா

*

மருவன்செட்ரா,
டிசம்பர் 26, 1998

பகூலிக்கு,

உயிரோடு இருக்கிறேன், நீயும் இரு. நேற்றுக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இங்கே உள்ள கோயிலில் உட்கார்ந்தேன். ஜனம் மடியில் லிச்சிப் பழத்தை வைத்து உரித்துக்கொண்டே பாடுகிறார்கள். எனக்கும் ஒரு கொத்து கொடுத்தார்கள். முழங்கால் வீங்கியிருக்கிறது, இதை மியாலிக்கு எழுதிவிடாதே.

இந்தச் சேதியை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. காலையில் நானும் வழியில் கூட்டாளியான அன்னெகே என்ற ஹாலந்து டீச்சர் பெண்ணும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரி வாயாடி, நல்லவள்.

"எந்தப் பக்கம் நடை, தாத்தா?"

"அந்தனம்பாவ் வழியா."

"அங்க என்ன இருக்கு? மழையும் அட்டையும்தான்."

"அதைப் பாக்கத்தான் போறோம்."

"பாருங்க பாருங்க. கால் புண்ணாச்சுன்னா அங்க ஒரு மருத்துவச்சி இருக்கு, தங்கமான பொண்ணு. ஊருக்கெல்லாம் பேறு பாக்குது, பாவம், அதுக்குப் பாக்கத்தான் ஆளில்ல. எடை போடுற பய ஒருத்தன், வயித்துல குடுத்துட்டு அந்தலாஹாவுக்குப் போயிட்டான். முதலாளி மகளக் கட்டிக்கப் போறானாம், போன மாசம் சேதி வந்துச்சு. இது பெத்தவங்களுக்குக்கூடச் சொல்லலையாம்."

"ஏனாம்?" என்று அன்னெகே கேட்டாள். நான் கேட்கவில்லை.

"மலைநாட்டு ஆளுங்க. ஊரக் கூட்டி நாளு குறிச்சிட்டாங்களாம். அப்பன் சபையில பேச ஒத்திக பாத்துக்கிட்டு இருக்கானாம். எப்படிச் சொல்லும்? இனி ஊர்ப் பக்கமே போகப் போறதில்லைன்னு சொல்லிச்சாம்."

நான்தான் அந்த அப்பன் என்று சொல்ல வாய் திறந்தேன், பகூலி. சொல்லியிருந்தால் அந்தப் பொம்பளை பதறிப்போவாள், நாளைக்குள் அந்தச் செய்தி எனக்கு முன்னால் நடந்து மியாலியிடம் போய்விடும். அதனால் வாழைப்பழம் என்ன விலை என்று கேட்டேன். விலை சொன்னாள். வாங்கினேன். தின்ன முடியவில்லை.

பிறகு அன்னெகே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அந்தப் பொண்ணு பேரு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். டீச்சர் அல்லவா. தலையாட்டினேன். என் பையையும் தூக்கித் தன் பைமேல் போட்டுக்கொண்டாள்.

அவனைப் பற்றி எனக்கு இருக்கிற கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது, அதனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போவதில்லை. என் பயம் எல்லாம் ஒன்றுதான். என்னைப் பார்த்ததும் அவள் கதவை மூடிவிடக் கூடாது. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் வரமாட்டாள். அழு என்றால் அழமாட்டாள். உன் பெண்தானே. நாளை நடக்க ஆரம்பிக்கிறோம்.

ராவெலு

*

அந்தனம்பாவ்,
டிசம்பர் 28, 1998

அப்பா,

உங்கள் இரண்டு கடிதமும் இன்று ஒன்றாக வந்தன. மருவன்செட்ரா பக்கம் போகிற கிராம்புச் சுமைக்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். வெங்காய வாசனை அடிக்கிற பையோடு வருகிற மலைநாட்டுப் பெரியவர் என்று அடையாளம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பிப் போய்விடுங்கள். நீங்கள் வந்து பார்க்கிற நிலையில் நான் இல்லை. குளோவிஸ் வரமாட்டான். இனி எப்போதும் வரமாட்டான். எனக்கு ஆறாம் மாதம். இதை எழுத இவ்வளவு நாள் ஆனது. நான்கே வரி, பாருங்கள்.

ஊர் கூட்டிச் சொன்ன உங்கள் வாய்க்கு என்னால் இப்படி ஆகிவிட்டது. பெரியப்பா முகத்தில் நீங்கள் எப்படி விழிப்பீர்கள்? நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். எனக்கு வேலை இருக்கிறது, ஒன்றும் குறைவில்லை. அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போங்கள்.

மியாலி

*

காட்டுப் பாதையில் ஒரு குடிசை,
டிசம்பர் 29, 1998

அந்தனம்பாவ் மருத்துவச்சி அம்மையாருக்கு,

தாங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் ஒரு சுற்றுலாப் பயணி. நமக்குள் முன்பின் அறிமுகம் இல்லை.

இன்று வழியில் ஒரு சுமைக்காரர் என் பையை மோந்து பார்த்துவிட்டு ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார். அது ராவெலு என்பவருக்கு எழுதியது. தெரியாமல் படித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். அந்த ராவெலுவைத் தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கேள்விப்பட்டவரை ரிக்‌ஷா சக்கரத்துக்கு ஆணி அடிக்கிறவர், படிப்பு ஏழாம் வகுப்பு. "திரும்பிப் போ" என்று எழுதினால் அவருக்கு எழுத்துதான் தெரியுமாம், அர்த்தம் தெரியாதாம். அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள்.

அவர் முகத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். முன்பே அப்படி ஒன்றும் பார்க்கும்படியான முகம் இல்லை, கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது.

அது போகட்டும். நான் என் கூட்டாளியோடு நாளை மதியம் தங்கள் ஊரைக் கடப்பேன். மருத்துவர் வராத அறை ஒன்று இருப்பதாகப் பயணிகள் பேசிக்கொள்கிறார்கள். ஓரிரு இரவு தங்க இடம் கிடைத்தால் போதும். தண்ணீர் எங்கே, படுக்கை எங்கே, வாழைப்பழம் என்ன விலை என்பதைத் தவிர எதுவும் கேட்கமாட்டேன். இது சத்தியம். இடமில்லை என்று சொன்னால் அடுத்த ஊருக்கு நடந்துவிடுவேன்.

சுமைக்காரரின் தம்பி உங்கள் பக்கம் ஓடுகிறவர், இதைக் கொண்டு வருவார். என்னைவிட அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பயணி

*

அந்தனம்பாவ்,
ஜனவரி 4, 1999

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் சுகம், அப்பாவும் சுகம். இந்தத் தடவை நான் சுகம் என்று எழுதியிருப்பதை நம்பலாம்.

முப்பதாம் தேதி மதியம் வந்தார். முழுக்க நனைந்து, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். பையை அந்த ஹாலந்துப் பெண்தான் அதுவரை சுமந்திருக்கிறாள். ஊர் எல்லையில் கெஞ்சி வாங்கி மாட்டிக்கொண்டு வந்ததை இங்கே எல்லாரும் பார்த்தார்கள். வாசலில் தொப்பியைக் கழற்றி, "மேடம், தங்க இடம் கெடைக்குமா?" என்றார்.

என் வயிறு எனக்கு முன்னால் நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

"ஒழுகுமா?"

"ஒழுகும்" என்றேன். வாளியைக் காட்டினேன்.

"பரவால்ல. நாங்க எல்லாத்தையும் அனுபவிக்க வந்தவங்க."

இரண்டு நாள் அப்படியே இருந்தார், அம்மா. என்னை மேடம் என்றே கூப்பிட்டார். என்னால் திருத்தவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. சுவாசாரா அக்கா வந்து விசாரித்தாள்.

"யாரு இந்தப் பெரியவரு?"

"சுற்றுலா" என்று அவரே பதில் சொன்னார்.

"மலைநாட்டான் எந்தக் காலத்துல சுற்றுலா வந்தான்? மூக்கு வேற நம்ம மருத்துவச்சி மூக்கு மாதிரியே இருக்கு."

"எல்லாருக்கும் ஒரே கடையில வாங்குனது. வாழப்பழம் என்ன வெல?"

அவள் சொன்ன விலைக்கு அவர் பேரம் பேச, கடைசியில் இருவரும் விடாமல் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். பழம் வாங்கவேயில்லை. ஆனால் அவள் என்னைத் துளைப்பதை அன்றைக்கு மறந்துவிட்டாள்.

வருடப் பிறப்பன்று சுவாசாரா அக்கா ஒரு கோழி கொடுத்தாள். நான் ஆக்கினேன். பாயில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம், அவள் வீட்டார், அன்னெகே, அப்பா. விருந்தாளிக்குக் கால். அன்னெகே தட்டில் ஒன்றை வைத்தேன். அடுத்த தட்டு அப்பாவுடையது. அவர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டியோடு நின்றேன். இன்னொரு காலை எடுத்து அவர் தட்டில் வைத்திருந்தால், நன்றி மேடம் என்று சொல்லிச் சாப்பிட்டிருப்பார். மறுநாள் பையை மாட்டிக்கொண்டு போயிருப்பார். ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டார், சாகும்வரை கேட்டிருக்கமாட்டார். அது எனக்குத் தெரிந்தது. அவர் வழி முழுக்க நடந்து வந்தது, அப்பா என்று சொல்லாமலே இருந்துகொள்ள எனக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கத்தான் என்பதும் தெரிந்தது.

வால்துண்டை எடுத்தேன். பெற்றவர்களுக்கு மட்டும் வைக்கிறது. இந்த வீட்டில் நான் சமைத்த எந்தக் கோழியிலும் அதற்கு ஆளில்லை. அவர் தட்டில் வைத்தேன்.

"சாப்பிடுங்கப்பா" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான்.

சுவாசாரா அக்கா மெல்வதை நிறுத்திவிட்டாள். அன்னெகே மட்டும், இவ்வளவு தூரம் வந்த கிழவருக்கு ஏன் இந்த மோசமான துண்டு என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்பா அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு தின்றார். எலும்பை ஓரமாக வைத்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

"மழைல உப்பு கரைஞ்சு போச்சுப்பா."

"சரி. அடுத்த தடவ பாத்துப் போடு." பிறகு முதல் தடவையாக என் வயிற்றைப் பார்த்தார். "எப்ப?"

"ஏப்ரல்ல."

"படகு ஓடுமா அப்போ?"

"ஓடும்."

"அப்ப உங்கம்மாவ வரச் சொல்லு. எனக்குக் குழந்தையத் தூக்கத் தெரியாது, அச்சு மாதிரி புடிப்பேன்."

அன்னெகே நேற்று அந்தலாஹா பக்கம் நடந்துவிட்டாள். அப்பா இருக்கிறார். படகு ஓடும்போது நீங்களும் வாருங்கள். குழந்தைக்குக் கழுத்து நின்றதும் நாம் எல்லாரும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம்.

பெரியப்பாவிடமும் மற்றவர்களிடமும் இனிமேல் மழை, வேலை என்று எதையும் சொல்ல வேண்டாம் அம்மா. மியாலிக்குக் கல்யாணம் இல்லை, ஏப்ரலில் குழந்தை, அவள் அப்பா அவளோடு இருக்கிறார் என்று சொல்லுங்கள். நான் சொல்லச் சொன்னதாகவே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
மியாலி